படம் பார்த்துப் பாதுகாப்பு



கடைசி பெஞ்சில் தூங்கியவனை மேடை ஏற்றியிருக்கிறீர்கள். தூக்கத்திலிருந்தே தொடங்குகிறேன். 2018-இல் நான் வேலை பார்த்த ரசாயனத் தொழிற்சாலையில், பாதுகாப்பு வீடியோ எடுக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. 22 நிமிடப் படம். "ஆக்சிஜன் பற்றாக்குறை உணர்விழப்பை ஏற்படுத்த வல்லது" என்றெல்லாம் நானே வாசித்தேன். ஏ.சி. அறையில் போட்டுக் காட்டினால் பாதிப் பேர் அசந்துவிட்டார்கள். முடிந்ததும் ரிஜிஸ்தரில் எல்லோரும் கையெழுத்து.

சில வாரத்தில் ஷட்டவுன். நைட்ரஜன் ஏற்றி வைத்திருந்த டேங்குக்குள் ஒரு டார்ச் விழுந்துவிட்டது. ஒடிசாவிலிருந்து வந்த ஒப்பந்தத் தொழிலாளி, சின்னப் பையன், மேன்ஹோலில் தலையை விட்டு எட்டிப் பார்த்தான். அப்படியே தொய்ந்துவிட்டான். பதறித் தூக்கப் போன இன்னொருவனை ஃபிட்டர் அண்ணன் சட்டையைப் பிடித்துப் பின்னால் தள்ளினார். பிறகு மூச்சை அடக்கிக்கொண்டு பையனைக் காலைப் பிடித்து வெளியே இழுத்துப் போட்டார். பிழைத்தான்.

மறுநாள் மேலாளர் கேட்ட முதல் கேள்வி: "வீடியோ பார்த்ததா கையெழுத்து இருக்குல்ல?" இருந்தது. தமிழே தெரியாத பையனின் கையெழுத்து. அன்று ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை.

நைட்ரஜன் விஷமில்லை. நாம் சுவாசிக்கும் காற்றில் 78 சதவீதம் அதுதான். நிறமில்லை, வாசனையில்லை. மூச்சு முட்டும் உணர்வு கரியமில வாயு சேர்வதால் வருவது. ஆக்சிஜன் குறைவதை உடம்பு அப்படிச் சொல்லாது. அதனால் ஆள் எச்சரிக்கையே இல்லாமல் விழுவான், தூக்கப் போனவனும் விழுவான். 2005 நவம்பரில் அமெரிக்காவின் டெலவேர் சிட்டி எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் இப்படித்தான் இருவர் இறந்தார்கள். அந்நாட்டு ரசாயனப் பாதுகாப்பு வாரியம் அதை அனிமேஷன் படமாக எடுத்திருக்கிறது. ஃபிட்டர் அண்ணனுக்குப் போட்டுக் காட்டினேன். "நல்லாத்தான் இருக்கு சார். ஆனா நம்ம டேங்க் இது இல்லியே?" என்றார்.

சரி, நம்ம டேங்கிலேயே எடுப்போம். ஆனால் கண்ணுக்குத் தெரியாததை எப்படிக் காட்டுவது? அதற்கும் அவரே வழி சொன்னார். ஆக்சிஜன் மீட்டரைக் கயிற்றில் கட்டி மேன்ஹோலுக்குள் இறக்கினோம். வெளியே 20.9 காட்டிய மீட்டர், உள்ளே போகப் போகக் குறைந்து, 19.5-க்குக் கீழே போனதும் கத்த ஆரம்பித்தது. அதைத்தான் செல்போனில் பிடித்தோம் (தீப்பிடிக்கும் பொருள் இல்லாத பகுதி, அனுமதி வாங்கித்தான்). மொத்தம் 90 விநாடி. தமிழில் அண்ணன் பேசினார். ஒடியாவில் அந்தப் பையனே பேசினான். ஏ.சி. அறையில் இல்லை, பர்மிட் கொடுக்கும் இடத்தில், உள்ளே இறங்குமுன் போட்டுக் காட்டினோம்.

அடுத்த ஷட்டவுனில் இருந்த ஒரே மீட்டரும் பழுது பார்க்கப் போயிருந்தது. "சும்மா இறங்குடா" என்றார் சூப்பர்வைசர். பையன் அந்தப் படத்தை அவருக்கே ஓட்டிக் காட்டி, "மீட்டர் எங்க சார்?" என்று கேட்டானாம். வேலை அரை நாள் நின்றது. அதற்கு எனக்கு ஒரு மெமோ வந்தது. பின்னாலேயே இரண்டு புது மீட்டரும் வந்தன.