பூமிக்கு அடியில் உள்ளதற்குக் கணக்கெழுதும் வேலை

(அரசுப் புவியியலாளராகப் பணியாற்றி ஓய்வு பெற்ற ஒருவர், பட்டப்படிப்பு மாணவர்களுக்கான வழிகாட்டிக் கூட்டத்தில் ஆற்றிய உரை.)



அரசாங்கத்தில் ஜியாலஜிஸ்டாக இருந்தேன் என்று சொன்னால் மக்களிடமிருந்து இரண்டு விதமான பதில்தான் வரும். ஒன்று, "எங்கள் தோட்டத்தில் போர் போட இடம் பார்த்துக் கொடுங்கள்." மற்றொன்று, "மணல் லாரி பிடிக்கிற இலாகாவா?" இரண்டும் தவறல்ல. ஆனால் இரண்டையும் விடப் பெரிய காரியம் ஒன்று அந்த மேஜையில் நடக்கிறது. ஓர் ஊரின் நிலத்துக்கு அடியில் என்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்று முதன்முதலாகத் தாளில் எழுதுகிறவர் அரசுப் புவியியலாளர்தான். ஏலம், குத்தகை, நிலம் எடுப்பு, வரி, வழக்கு எல்லாம் அந்தத் தாளுக்குப் பின்னால் வருகின்றன. அந்தத் தாளை நம் மக்கள் கண்ணால் பார்ப்பதே இல்லை! அதைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

பள்ளிக்கூடத்தில் நீங்கள் படித்த புவியியல் வேறு; அது நாடு, நகரம், மழை, காற்று பற்றியது. இது பாறையைப் பற்றிய படிப்பு. தமிழில் இரண்டுக்கும் ஒரே பெயர் விழுந்துவிட்டதால் கல்லூரிச் சேர்க்கை நேரத்தில் பிள்ளைகள் குழம்பிப் போகிறார்கள்.

வெள்ளைக்காரன் இந்த வேலையை ஏன் தொடங்கினான்? இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை 1851-இல் கல்கத்தாவில் தாமஸ் ஓல்ட்ஹாம் தலைமையில் தொடங்கப்பட்டது. அன்றைக்கு வேண்டியிருந்தது நிலக்கரி. கப்பலுக்கும் ரயிலுக்கும் கரி எங்கே கிடைக்கும் என்று பார்க்கத்தான் ஆள் வைத்தார்கள். ஆக, அரசுப் புவியியலாளர் பிறந்ததே எரிபொருளுக்காக. அந்தத் துறையில் சென்னை மாகாணத்துக்கு வந்த இராபர்ட் புரூஸ் ஃபூட், 1863-இல் பல்லாவரத்தில் கற்காலக் கைக்கோடரியைக் கண்டெடுத்து வரலாற்றில் இடம் பிடித்தார் என்பது தனிக்கதை. இந்தியர் ஒருவர் அத்துறையின் தலைமைக்கு வர நூறு ஆண்டுகள் ஆயின. 1951-இல் வந்த அந்த முதல் இந்தியர் தஞ்சை மாவட்டத்துக்காரரான எம்.எஸ். கிருஷ்ணன்.

நம் பக்கத்தில் இந்த வேலையின் பலனையும் வலியையும் ஒருசேரக் காட்டும் இடம் நெய்வேலி. 1930-களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் நீருக்காகத் துளையிட்டபோது கரிய பொருள் மேலே வந்தது. பிறகு அரசுப் புவியியலாளர்கள் வந்து, 1940-களில் துளை மேல் துளையாகப் போட்டு, பழுப்பு நிலக்கரிப் படிவம் எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்று கணக்கெடுத்தார்கள். 1956-இல் நிறுவனம் அமைந்தது. 1957-இல் பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். 1961-இல் கரி வெளிப்பட்டது. மறு ஆண்டே மின்சாரம் வந்தது. நாம் பள்ளிக்கூடத்தில் விளக்கு வெளிச்சத்தில் படித்தோம் என்றால் அதில் நெய்வேலிக்குப் பங்கு உண்டு.

ஆனால் அந்தக் கரிக்குக் கீழே பெரும் அழுத்தத்தோடு ஊற்றுநீர் இருந்தது. அதை இறைத்து அழுத்தத்தைக் குறைக்காமல் கரியை எடுக்க முடியாது. கீழிருந்து நீர் பொத்துக்கொண்டு வந்துவிடும். எனவே சுரங்கம் நடக்கும் வரை இரவும் பகலும் பம்பு ஓட வேண்டும். கரிக்கு ஒரு கணக்கு என்றால் நீருக்கும் ஒரு கணக்கு உண்டு. இரண்டையும் எழுதுகிறவர் புவியியலாளர். கரிக் கணக்கு டெல்லிக்குப் போய்த் திட்டமாகிறது. நீர்க் கணக்கைச் சுற்றுவட்டார விவசாயி தன் கிணற்றில் கயிறு விட்டுப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறான். 2023 ஜூலையில் வளையமாதேவியில் நெற்பயிர் நின்ற வயலில் மண் தோண்டும் இயந்திரங்கள் இறங்கியதை நாடே பார்த்தது. சுரங்கம் தொடங்கி 66 ஆண்டுகள் கழித்தும் அந்தச் சண்டை ஓயவில்லை.

அடுத்து, மண்ணுக்கு அடியில் உள்ளது யாருடையது? "எல்லாம் கவர்ன்மெண்டுக்குச் சொந்தம்" என்றுதான் நம்மில் பலரும் நினைக்கிறோம். அலுவலகத்தில் இருப்பவர்களும் அப்படித்தான் சொல்வார்கள். கேரளத்தில் மலபார் பகுதி ஜன்ம நில உடைமையாளர்கள் இதை எதிர்த்து உச்சநீதிமன்றம் வரை போனார்கள். த்ரேசியம்மா ஜேக்கப் வழக்கு என்று பெயர். எதிர்மனுதாரர் யார் தெரியுமா? கேரள சுரங்க, புவியியல் துறையின் ஜியாலஜிஸ்ட்! 2013 ஜூலையில் மூன்று நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள்: அடியில் உள்ள கனிமம் எல்லாம் அரசுக்குச் சொந்தம் என்று பொதுவாக அறிவிக்கும் சட்டம் எதுவும் இல்லை, சட்டம் வேறுவிதமாகப் பறித்திருந்தால் ஒழிய, நிலத்துக்காரருக்கு அடிமண்ணிலும் உரிமை உண்டு. இதைக் கேட்டதும் யாரும் கடப்பாரையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடக் கூடாது. உடைமை வேறு, அனுமதி வேறு. தன் சொந்தக் காட்டில் கல் உடைப்பதற்கும் அனுமதி வேண்டும். தீர்ப்பு அந்தக் கட்டுப்பாட்டை எடுத்துவிடவில்லை.

பணம் யாருக்கு என்பதிலும் நம் மாநிலத்துக்கு ஒரு பங்கு உண்டு. இந்தியா சிமெண்ட்ஸ் நிறுவனத்துக்கும் தமிழ்நாடு அரசுக்கும் நடந்த வழக்கில், கனிமத்துக்கான ராயல்டி என்பது வரியே என்று 1989-இல் உச்சநீதிமன்றம் சொன்னது. மாநிலங்களின் கை அதோடு கட்டப்பட்டது. 35 ஆண்டுகளுக்குப் பிறகு, 2024 ஜூலையில் ஒன்பது நீதிபதிகள் அமர்ந்து, எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் அதை மாற்றினார்கள். ராயல்டி வரியல்ல, கனிம நிலத்துக்கு வரி விதிக்க மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டு என்றார்கள். அந்த ஆண்டு டிசம்பரிலேயே நம் சட்டமன்றம் கனிம நில வரிச் சட்டம் இயற்றியது. இந்த வரியையும் எந்த அளவீட்டை வைத்துப் போடுவார்கள்? திரும்பவும் ஜியாலஜிஸ்டின் அளவீடுதான்!

அந்த அளவீடு எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன். இதில் மந்திரம் ஒன்றும் இல்லை. உங்களில் கணக்குத் தெரிந்த யாரும் செய்து பார்க்கலாம். ஒரு கல் குவாரிக் குழி 100 மீட்டர் நீளம், 50 மீட்டர் அகலம், 10 மீட்டர் ஆழம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கன அளவு 50,000 கன மீட்டர். கருங்கல் ஒரு கன மீட்டர் ஏறத்தாழ 2.65 டன் இருக்கும். ஆக 1,32,500 டன் கல் வெளியே போயிருக்கிறது. அலுவலகத்தில் கொடுக்கப்பட்ட நடைச்சீட்டுகளைக் கூட்டினால் 60,000 டன்தான் வருகிறது என்றால், மீதி 72,500 டன் எந்த வழியாகப் போனது? லாரியை நடுரோட்டில் மறித்து நிறுத்திப் படம் எடுத்துக்கொள்வதை விட, குழியை அளப்பதுதான் உண்மையான கண்காணிப்பு. லாரி பொய் சொல்லும், சீட்டு பொய் சொல்லும். குழி எங்கே போய் ஒளியும்? நான் அளந்த ஒரு குழியின் கணக்கு மேலே போன மூன்றாம் வாரம் எனக்கு இடமாற்ற ஆணை வந்தது. அந்த ஊரின் பெயர் வேண்டாம். குழி இன்னும் அங்கேயேதான் இருக்கிறது. யாரும் மறுபடி அளக்கலாம். இப்போது ட்ரோன் வைத்து அரை நாளில் அளந்துவிடுகிறார்கள்.

இதிலே எனக்கு ஒரு மனக்குறை உண்டு, அதை மறைக்க மாட்டேன். கனிம வருவாய் இந்த ஆண்டு இத்தனை கோடி வர வேண்டும் என்று இலக்கு கொடுப்பதும் அதே அதிகாரியிடம்தான். விதி மீறினால் நிறுத்து என்று சொல்வதும் அவரிடம்தான். கல்லாவில் உட்கார்ந்தவரையே தராசுக்கும் காவல் வைத்தால் எப்படி? ஆய்ந்து அளப்பவர் ஒரு துறையிலும், விற்று வசூலிப்பவர் வேறு துறையிலும் இருக்க வேண்டும் என்பதே என் கருத்து. எந்தக் கட்சி ஆட்சியிலும் இதைச் செய்யவில்லை.

அரிட்டாபட்டியை எல்லோருக்கும் தெரியும். மேலூர் வட்டாரத்தில் மலைகளும் சுனைகளும் ஏரிகளும் சூழ்ந்த ஊர். 2022 நவம்பரில் அங்கே 193 ஹெக்டேர் நிலத்தைப் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாகத் தமிழ்நாடு அரசு அறிவித்தது. 2023-இல் மத்திய அரசு கனிமச் சட்டத்தைத் திருத்தி, முக்கியமானவை என்று 24 கனிமங்களைப் பட்டியலிட்டு, அவற்றை ஏலம் விடும் அதிகாரத்தைத் தானே எடுத்துக்கொண்டது. டங்ஸ்டன் அதில் ஒன்று. 2024 நவம்பரில் நாயக்கர்பட்டி டங்ஸ்டன் தொகுதி, ஏறத்தாழ 2,015 ஹெக்டேர், வேதாந்தா குழுமத்தின் இந்துஸ்தான் ஜிங்க் நிறுவனத்துக்கு ஏலத்தில் போனது. அந்த 193 ஹெக்டேரும் அதற்குள்ளேதான்! கிராம சபைகள் தீர்மானம் போட்டன. டிசம்பர் 9-இல் சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றியது. 2025 ஜனவரியில் மக்கள் மேலூரிலிருந்து மதுரைக்குத் திரண்டு வந்தார்கள். ஜனவரி 23 அன்று மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது.

மக்கள் வென்றார்கள், மகிழ்ச்சி. ஆனால் அங்கே டங்ஸ்டன் உண்டு என்ற புவியியல் ஆய்வறிக்கை 2021-லேயே மாநில அரசின் கைக்கு வந்துவிட்டது. ஏலம் முடிந்த பிறகுதான் ஊர் விழித்தது. இடையில் மூன்று ஆண்டுகள்! பாறையில் டங்ஸ்டன் இருக்கிறது என்று எழுதிய ஜியாலஜிஸ்டைக் குறை சொல்ல முடியாது. இருப்பதை இருக்கிறது என்று எழுதுவது அவருக்கு அமானிதம். அந்தத் தாளைக் கலெக்டர் அலுவலகத்தில் கேட்டு வாங்கிப் படிக்க ஊரில் ஓர் ஆள் இல்லாமல் போனதுதான் நான் சொல்ல வந்தது.

உங்கள் ஊரில் குவாரியோ சுரங்கமோ இருந்தால் சர்வே எண்ணைக் குறிப்பிட்டு, தகவல் பெறும் உரிமைச் சட்டத்தின் கீழ் மூன்று நகல் கேளுங்கள்: குத்தகை ஆணை, சுரங்கத் திட்டம், சுற்றுச்சூழல் அனுமதி. குடியிருப்பிலிருந்து 300 மீட்டர் இடைவெளி உண்டா என்று டேப் பிடித்துப் பாருங்கள். 2015 திருத்தத்தின்படி ஒவ்வொரு கனிம மாவட்டத்திலும் பாதிக்கப்பட்ட மக்களுக்கென்றே மாவட்டக் கனிம நிதி இருக்கிறது. அதில் உங்கள் ஊருக்கு என்ன வந்தது என்றும் கேளுங்கள். பொத்தாம் பொதுவாக "கொள்ளை நடக்கிறது" என்று எழுதும் மனு குப்பைக்கூடைக்குப் போகும். எண்ணோடு எழுதும் மனுவுக்குப் பதில் எழுதியே தீர வேண்டும்.

இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. நம் சமுதாயத்துப் பிள்ளைகள் வளைகுடாவுக்குப் போய் எண்ணெய்க் கிணறுகளில் வெல்டராகவும் ஃபிட்டராகவும் உழைக்கிறார்கள். அந்தக் கிணற்றை எங்கே தோண்டுவது என்று முடிவு செய்யும் படிப்பு சென்னை மாநிலக் கல்லூரியில் இருக்கிறது, திருச்சி தேசியக் கல்லூரியில் இருக்கிறது, தூத்துக்குடி வ.உ.சி. கல்லூரியில் இருக்கிறது. பி.எஸ்ஸி. ஜியாலஜிக்குப் போட்டி குறைவு. எம்.எஸ்ஸி. முடித்தால் மத்தியத் தேர்வாணையத்தின் ஒருங்கிணைந்த புவி அறிவியலாளர் தேர்வு எழுதலாம். பொதுப் பிரிவுக்கு 32 வயது வரை. மாநிலத் தேர்வாணையமும் உதவிப் புவியியலாளர் பணிக்குத் தேர்வு நடத்துகிறது. அதில் 2007 முதல் நமக்குள்ள 3.5 விழுக்காடு ஒதுக்கீடும் பொருந்தும். வெயிலில் அலையும் வேலைதான். மாதக்கணக்கில் முகாமில் தங்க வேண்டியிருக்கும். பெண் பிள்ளைகளால் முடியாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். என்னோடு மலை ஏறிய பெண் அதிகாரிகள் எனக்கு முன்னால் உச்சிக்குப் போனவர்கள். பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல் எடுத்த பிள்ளைகள் இங்கே இருந்தால், கூட்டம் முடிந்ததும் வந்து பெயர் கொடுங்கள். பாடத்திட்ட நகலும் பழைய வினாத்தாள்களும் கொண்டுவந்திருக்கிறேன்.