பாலம் விமானக் காட்சிசாலை

டில்லிக்கு யாத்திரை போகிறவர்கள் குதுப்மினாரையும் செங்கோட்டையையும் பார்த்துவிட்டு ரயிலேறிவிடுவது வழக்கமாயிருக்க, ஓய்வுபெற்ற ஆசிரியர்களான நாங்கள் ஒரு குழுவாகச் சென்றபோது, அந்நகரின் பாலம் என்னும் பகுதியிலுள்ள இந்திய விமானப்படைக் காட்சிசாலைக்கென்று ஒரு பகற்பொழுதை ஒதுக்கியது பெரும் பாக்கியமென்றே கருதுகிறேன்.

1933ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் தேதி, நான்கே விமானங்களோடு கராச்சியில் நம்முடைய முதல் ஸ்குவாட்ரன் உதயமாயிற்றே, அந்த 'வாபிடி' வகை விமானமொன்று அங்கே இருக்கிறது. ஈரடுக்குச் சிறகுகளும், அவற்றை இழுத்துக் கட்டிய கம்பிகளும், மேலே போர்த்த துணியும், தலைக்குமேல் மறைப்பேயில்லாத ஆசனமுமாக நிற்கும் அதில் ஏறி எல்லைப்புற மலைகளின்மீது பறந்த இளைஞர்களின் தைரியத்தை என்னென்பது! ஜப்பானியரின் 'ஓகா'வும் உண்டு. தாய்விமானத்தின் வயிற்றில் தொங்கிச் சென்று, விமானியோடு எதிரிக் கப்பலில் மோதி வெடிப்பதற்கென்றே செய்த அதற்குத் தரையிறங்கச் சக்கரங்களே கிடையா. அதன்முன் எங்களில் எவரும் நெடுநேரம் நிற்கவில்லை.

சிறகின் அகலம் 7 மீட்டருக்கும் குறைவான 'நாட்' விமானத்தின் அருகில் சென்றால், இத்தனை சிறியதா என்ற வியப்பே முதலில் எழுகிறது. 1971 டிசம்பர் 14 அன்று பாகிஸ்தானின் சேபர் விமானங்கள் ஆறு ஸ்ரீநகர்த் தளத்தைத் தாக்குகையில், குண்டுவீச்சுக்கு நடுவே இவ்வகை விமானத்தில்தான் மேலெழும்பிப் பொருது, உயிர்நீத்தார் நிர்மல்ஜித் சிங் சேகோன். விமானப்படையினரில் பரமவீர சக்கரம் பெற்றவர் அவர் ஒருவரே.

ஆனால், நான் முக்கியமாகச் சொல்ல வந்தது 'லிபரேட்டர்' என்னும் நான்கு எஞ்சின் குண்டுவீச்சு விமானத்தைப் பற்றி. சிறகு முனைக்கு முனை 33 மீட்டருக்கும் மேலாக விரிந்து நிற்கும் இவ்வகை விமானங்களை, இரண்டாம் உலக யுத்தம் முடிந்ததும், இனி ஒருவரும் பறக்கவிட முடியாதபடி வேண்டுமென்றே சேதப்படுத்திக் கான்பூரில் போட்டுவிட்டுப் போனார்கள் ஆங்கில விமானப்படையினர். சுதந்திரம் பெற்ற கையோடு, கனரகக் குண்டுவீச்சு விமானம் ஒன்றுகூட இல்லாத நம் தேசத்திற்கு, பெங்களூர் ஹிந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் கம்பெனியின் தொழிலாளிகள் அந்தக் குப்பையிலேயே வழி கண்டார்கள். ஒன்றன் உறுப்பை மற்றொன்றுக்கு மாட்டி, எப்படியோ பறக்கும் நிலைக்குக் கொண்டுவந்த சுமார் 40 விமானங்களை, ஜிம்மி முன்ஷி என்ற சோதனை விமானி ஒவ்வொன்றாகப் பெங்களூருக்கு ஓட்டிச் சென்றார். பட்டறையில் எண்ணெய்க் கையோடு நின்று ஆணியடித்தவர்களின் சாமர்த்தியமும் யுத்தகளத்து வீரத்துக்கு இணையாகப் போற்றத் தக்கதென்பதே என் துணிபு. 1948இல் அந்த லிபரேட்டர்களைக் கொண்டே ஐந்தாம் ஸ்குவாட்ரன் அமைந்தது. 1968 வரை அவை உழைத்தன.

பிற்பாடு, உலகத்துக் காட்சிசாலைகள் பலவும் லிபரேட்டர் வேண்டுமென்று நம்மிடமே வந்து கேட்டன. பிரிட்டிஷ் விமானப்படைக் காட்சிசாலையில் இன்றிருப்பதும், 1974இல் இந்தியாவிலிருந்து தன் எஞ்சின்களாலேயே பறந்துபோய்ச் சேர்ந்த விமானந்தான்.