ஊசியிலைக் கன்று: இலையைப் பார்க்காதீர்கள், மண்ணைத் தொடுங்கள்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



கொடைக்கானலில் குடியிருப்பவன் என்பதால் என்னிடம் எல்லோரும் கேட்பது ஒன்றுதான். "பைன் கன்னு வாங்கிட்டுப் போய் வச்சோம் சார். நல்லாத்தான் இருந்துச்சு. திடீர்னு காஞ்சு போச்சே?"

திடீரென்று காயவில்லை. மற்ற செடிகள் வாடினால் அன்றைக்கே இலை தொங்கிவிடும். ஊசியிலைக் கன்று அப்படியல்ல. வேர் அழுகிச் செத்த பிறகும் சில வாரம் பச்சையாகவே நிற்கும். பழுக்கிறதைப் பார்த்து நாம் இன்னும் ஒரு குடம் ஊற்றுவோம்! ஆகவே, இலையை நம்பாதீர்கள். விரலை மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். ஈரம் இருந்தால் அன்றைக்குத் தண்ணீர் வேண்டாம்.

விதை போட்டு வளர்க்க ஆசைப்படுகிறவர்கள், பைன் காயை வெயிலில் வைத்தால் செதில் விரிந்து விதை உதிரும். ஓர் இரவு ஊறவைத்து, மணல் கலந்த மண்ணில் மேலாக விதையுங்கள். இரண்டு மூன்று வாரத்தில் முளைக்கும். ஈரமும் புழுக்கமும் மிகுந்தால் பூஞ்சாளம் தாக்கி, நாற்று மண்மட்டத்தில் அழுகிச் சாய்ந்துவிடும். காற்றோட்டம் வேண்டும், எரு இப்போது வேண்டாம்.

எல்லாப் பூஞ்சாளமும் பகையில்லை. பைன் வேரோடு கூடி வாழ்ந்து, நீரும் சத்தும் ஊட்டும் பூஞ்சாளமும் உண்டு. போர்ட்டோ ரிக்கோ தீவில் பைன் நட்டு நட்டுத் தோற்றார்கள். 1950களில் பைன் காட்டு மண்ணைக் கொண்டுவந்து கலந்த பிறகுதான் கன்றுகள் தேறின. வீட்டிலும், வளர்ந்த பைன் மரத்தடி மண் ஒரு பிடி சேர்த்தால் போதும்.

ஆனால் கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர் உயரம். அந்தப் பைனுக்கு மதுரை வெயில் ஒத்துவராது. சமவெளியில் இருப்பவர்கள் அரகேரியா வையுங்கள். கிறிஸ்துமஸ் மரம் என்று நர்சரியில் விற்கிறார்களே, அதுதான். நுனியைக் கிள்ளாதீர்கள், அழகு போய்விடும். வெளிச்சத்தின் பக்கம் சாயாதிருக்க வாரம் ஒருமுறை தொட்டியைத் திருப்பி வையுங்கள். உதிர்ந்த கீழ்க்கிளை மறுபடி வராது.

மலையில் வீடுள்ள நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். மெக்சிகோவிலிருந்து வந்த பைனின் விதை காற்றில் பறந்து நம் சோலைப் புல்வெளிகளை மூடி வருகிறது. பைன் கன்று தொட்டியோடு நிற்கட்டும், புல்வெளியில் நடாதீர்கள். மேற்குத் தொடர்ச்சி மலையில் இயற்கையாக வளரும் ஊசியிலை இன மரம் ஒன்றே ஒன்றுதான்: நாகேயா. அதன் இலையோ அகலமானது! தாவரவியல் மாணவர்கள் அதைத் தேடிப் பார்க்க வேண்டும்.

தம்பி தங்கைகளே, இந்த ஆண்டு ஓர் அரகேரியா நாற்றைத் துறை வராந்தாவில் வையுங்கள். மூன்று வருஷம் படித்து முடிக்கும்போது அது இடுப்பளவுகூட வந்திருக்காது. பரவாயில்லை. போகிற அன்று, அடுத்த வகுப்புத் தம்பியைக் கூப்பிட்டு, மண்ணைத் தொட்டுப் பார்க்கச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போங்கள்.