சாவிக் கொத்தில் ஒரு சின்ன டோர்ச்

(தோட்டத் தொழிலாளர் வீடமைப்புக் கூட்டுறவுச் சங்கத்தின் மாதாந்தக் கூட்டத்தில் நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



போன மாதம் கக்கூசுத் துப்புரவைப் பற்றிப் பேசினோம். அதற்கு முந்திய மாதம் சேமிப்பைப் பற்றிப் பேசினோம். இந்த மாதம் மிகச் சின்ன சாமான் ஒன்றை எடுத்துக்கொண்டு வந்திருக்கிறோம். உள்ளங்கையில் வைத்து மூடினால் தெரியாது. சாவிக் கொத்தில் மாட்டுகிற குட்டி டோர்ச்தான் அது. "இதற்கும் ஒரு கூட்டமா?" என்று சிரிக்க வேண்டாம். எங்கள் நாளில் பாதி நடமாட்டம் இருட்டில்தான் நடக்கிறது. அதோடு, இந்தச் சின்னச் சாமானுக்குள்ளே ஒரு பெரிய ஆபத்தும் இருக்கிறது. அதையும் சொல்லாமல் இன்றைக்கு உங்களை அனுப்ப மாட்டோம்.

முதலில் எங்கெங்கே இருட்டு என்று பார்ப்போம். மாசி பங்குனி வரைக்கும் காலையில் ஆறு ஆறரை ஆனால்தான் விடிகிறது. அதற்கு முன்னே தண்ணீர் பிடிக்க வேண்டும், அடுப்பு மூட்ட வேண்டும், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பிள்ளைக் காம்பராவுக்கு ஓட வேண்டும், பெரட்டுக்கு நிற்க வேண்டும். பின்னேரம் கொழுந்து நிறுத்துவிட்டு வரும்போது மப்பும் மழையுமாக இருந்தால் ஐந்தரைக்கே பாதை தெரியாது. ஸ்டோரில் ராத்திரி வேலை செய்கிறவர்கள் நடுச்சாமத்தில் மலைப் பாதையில் இறங்கி வருகிறார்கள். கக்கூசு லயத்துக்கு வெளியே இருக்கிற இடங்களில் ராத்திரி வயிற்றைக் கலக்கினால் இருட்டுக்குள்ளேதான் போக வேண்டும்.

கரண்டு இருக்கிறதே என்பீர்கள். லயத்துக்குள்ளே இருக்கிறது, பாதையில் இல்லை. 2022 மார்ச் மாதக் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரைக்கும் கரண்டு வெட்டினார்கள். அந்த நாட்களில் குப்பி லாம்புக்கு மண்ணெண்ணெயும் கிடைக்கவில்லை. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது மலைநாட்டில் மண்சரிந்து, கரண்டும் போய், ஜனங்கள் இருட்டில் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வெளியேறினார்கள். அப்படி வேளையில் டோர்ச்சைத் தேடிப்பிடிக்க நேரம் இருக்காது. இடுப்பிலே, கழுத்திலே, சாவியோடு இருக்கிற வெளிச்சம்தான் உதவும்.

பாம்பு விஷயத்தையும் சொல்ல வேண்டும். கோப்பி விரியன் என்றும், சிங்களத்தில் பொலொன் தெலிஸ்ஸா என்றும் சொல்கிற சின்னப் பாம்பு தேயிலை, றப்பர்த் தோட்டங்களில் அதிகம். ஒரு முழம்கூட இருக்காது. காய்ந்த இலை நிறம். பொழுது சாய்ந்த பிறகுதான் வெளியே வரும், மிதித்தால் காலைக் கொத்தும். ஆஸ்பத்திரியில் பாம்புக்கடிக்குப் போடுகிற இந்திய ஊசி மருந்து இந்தப் பாம்பின் விஷத்துக்கு வேலை செய்யாது. அப்படியானால் கடிபடாமல் இருப்பதுதான் முதல் மருந்து. அடுத்த அடி வைக்கிற இடம் தெரிந்தால் போதும், பாதி ஆபத்துக் குறையும். அதற்குக் குட்டி டோர்ச்சே தாராளம்.

இந்த இடத்தில் ஒரு கேள்வி வரும். "போனில் லைட் இருக்குதே, ஐயா?" இருக்கிறது. ஆனால் மழையில் போனை நீட்டிக்கொண்டு நடந்தால் போன் நனையும். கை வழுக்கினால் கானுக்குள்ளே விழும். லைட் எரிந்து எரிந்து சார்ஜ் இறங்கினால், அவசரத்துக்கு 1990 அம்புலன்சைக் கூப்பிடப் போன் இருக்காது. போனைப் பேசுவதற்கு வையுங்கள், வெளிச்சத்துக்கு வேறு ஒன்று இருக்கட்டும்.

எங்கள் அப்பா காலத்தில் டோர்ச் என்றால் இரண்டு பெரிய பெற்றரி போட்ட நீளக் குழாய். அதில் இருந்தது இழை பல்பு. அந்த இழை பெற்றரியின் சக்தியில் பெரும்பங்கைச் சூடாக்கியே வீணாக்கிவிடும். இப்போது வருவது எல்.ஈ.டி. சிவப்பு, பச்சை எல்.ஈ.டி. முன்னமே இருந்தாலும் நல்ல பிரகாசமான நீல எல்.ஈ.டி. 1990களின் ஆரம்பத்தில்தான் யப்பானில் வந்தது. நீலத்திலிருந்து வெள்ளை வெளிச்சம் எடுத்தார்கள். அக்கசாக்கி, அமானோ, நக்கமுரா என்ற மூன்று பேருக்கு அதற்காக 2014இல் பௌதிகவியல் நோபல் பரிசு கிடைத்தது. அந்தக் கண்டுபிடிப்பின் பலன்தான் இன்றைக்கு நகத்தளவு விளக்கு, விரலளவு பெற்றரியில் மணிக்கணக்காக எரிகிறது.

இனி, கடையில் என்னென்ன கிடைக்கும்? மூன்று வகை.

முதலாவது, பட்டன் பெற்றரி போட்டது. தட்டையாக, சட்டைப் பொத்தான் மாதிரி இருக்கும் பெற்றரி. சந்தையிலும் கோயில் திருவிழாக் கடையிலும் மலிவாகத் தொங்குவது பெரும்பாலும் இதுதான். இலேசு, சின்னது. ஆனால் வெளிச்சம் சீக்கிரம் மங்கும். ஒரு பக்கம் வெள்ளை லைட்டும் மறுபக்கம் சிவப்புப் புள்ளி அடிக்கிற லேசரும் சேர்ந்து வருவதும் உண்டு. அந்தச் சிவப்புப் புள்ளி விளையாட்டுச் சாமான் இல்லை. பிள்ளையின் கண்ணுக்குள்ளே அடித்தால் பார்வை கெடலாம். லேசர் உள்ளதை வாங்கவே வேண்டாம்.

இரண்டாவது, டீவி ரிமோட்டுக்குப் போடுகிற ட்ரிபிள் ஏ பெற்றரி ஒன்று மட்டும் போட்டது. சுண்டுவிரல் நீளம் இருக்கும். கொஞ்சம் பாரம், ஆனால் பெற்றரி எந்தக் கடையிலும் கிடைக்கும். கணக்கையும் பாருங்கள். மூன்று பொடிப் பட்டன் பெற்றரி சேர்ந்தாலும் ஒரு நல்ல ட்ரிபிள் ஏ பெற்றரியில் பாதிச் சக்தி வராது. வாங்கும்போது பட்டன் டோர்ச் மலிவு, வருஷக் கடைசியில் பார்த்தால் அதுவே செலவு.

மூன்றாவது, போன் சார்ஜரில் சார்ஜ் பண்ணுவது. பெற்றரிச் செலவு இல்லை, வெளிச்சமும் அதிகம். ஆனால் நாள்கணக்கில் கரண்டு போனால் இதுவும் போய்விடும். சில வருஷத்தில் உள்ளே இருக்கும் பெற்றரி களைத்துவிட்டால் மாற்றவும் முடியாது. வீட்டில் சம்பாதிக்கிறவர்கள் இரண்டு பேர் என்றால் ஒருவருக்கு இது, மற்றவருக்கு ட்ரிபிள் ஏ வகை என்று வைத்துக்கொள்வது நல்லது.

வாங்கும்போது அவசரப்படாதீர்கள். கடைக்காரரிடம் கேட்டு இருட்டு மூலைக்குக் கொண்டுபோய்ப் பாருங்கள். நாங்கள் பார்க்கச் சொல்வது ஐந்து விஷயம்.

ஒன்று, வெளிச்சம். பெட்டியில் லுமென் என்று ஓர் அளவு போட்டிருக்கும். ஒரு மெழுகுவத்தி எல்லாப் பக்கமும் சேர்த்துத் தருவது ஏறக்குறைய 12 லுமென். பூட்டுத் துவாரம் பார்க்க, பிள்ளைக்கு மருந்து ஊற்ற ஐந்து லுமென் போதும். பாதையில் நடக்க இருபது முதல் ஐம்பது வரை இருந்தால் நல்லது. விரலளவு டோர்ச்சில் 1000 லுமென் என்று போட்டிருந்தால் நம்பாதீர்கள். அந்தச் சின்ன உடம்பு அத்தனை சூட்டையும் தாங்காது, அந்தப் பெற்றரியும் நின்று பிடிக்காது. ஒரே புள்ளியில் கூராக விழுவதை விட, பரவலாக விழுகிற வெளிச்சம் நடைக்கு நல்லது.

இரண்டு, சுவிட்ச். ஈரக் கையால், குளிரில் விறைத்த விரலால் அமுக்கிப் பாருங்கள். அமுக்கிப் பிடித்தால் மட்டும் எரிவது பாதைக்கு உதவாது, மற்றக் கையில் பிள்ளையோ கூடையோ இருக்குமே. அதேநேரம் பைக்குள்ளே தானாக எரியவும் கூடாது. திருகினால் எரிகிற வகை இந்த விஷயத்தில் நல்லது.

மூன்று, மழை. ஐ.பீ.எக்ஸ். 4 என்று போட்டிருந்தால் தூறல், சாரல் தாங்கும். 7 அல்லது 8 என்றால் தண்ணீரில் விழுந்தாலும் தப்பும். எதுவும் எழுதவில்லை என்றால், மூடியைக் கழற்றி உள்ளே றப்பர் வளையம் இருக்கிறதா என்று பாருங்கள்.

நான்கு, கொளுவி. டோர்ச் நல்லதாக இருந்து வளையம் மெல்லிய தகரமாக இருந்தால், டோர்ச்சும் போகும், வீட்டுச் சாவியும் சேர்ந்து போகும். கழற்றக்கூடிய கொளுவியாக இருந்தால் இன்னும் நல்லது.

ஐந்தாவது பெற்றரி மூடி. இதுதான் முக்கியம். இதற்காகத்தான் இந்தப் பேச்சு.

தாய்மாரே, கவனமாகக் கேளுங்கள். பட்டன் பெற்றரியைச் சின்னப் பிள்ளை விழுங்கினால் அது காசு விழுங்கின மாதிரி இல்லை. தொண்டைக்குக் கீழே உணவுக்குழாயில் அது சிக்கிக்கொண்டால், அங்குள்ள ஈரத்தில் மின்சாரம் ஓடி, சவுக்காரம் போன்ற காரம் உண்டாகி, சதையை அரிக்கும். இரண்டு மணித்தியாலத்துக்குள்ளேயே கடுமையான புண் உண்டாகலாம். உயிரே போயிருக்கிறது. பெரிய பட்டன் பெற்றரிதான் அதிகம் சிக்குவது. "அது முடிஞ்ச பெற்றரிதானே" என்று நினைக்காதீர்கள். டோர்ச்சை எரிக்க முடியாத பழைய பெற்றரியிலும் பிள்ளையின் தொண்டையைப் புண்ணாக்கப் போதுமான சக்தி மிச்சம் இருக்கும். மூக்கிலோ காதிலோ போட்டுக்கொண்டாலும் இதே ஆபத்துத்தான்.

எங்கள் காம்பராக்கள் எப்படி? ஒரே அறையில் சமையல், படுக்கை, பிள்ளை விளையாட்டு எல்லாம். சாவிக் கொத்தைக் கொடுத்தால் பிள்ளை அழுகையை நிறுத்தும் என்று கொடுப்போம். மூடி நகத்தால் திறக்கிற டோர்ச் அதில் இருந்தால், பெற்றரி விழ ஒரு நிமிஷம் போதும். அதனால் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளை உள்ள வீட்டுக்குப் பட்டன் பெற்றரி டோர்ச் வேண்டாம். ஏற்கெனவே இருந்தால், மூடி ஸ்குரு போட்டதாக இருக்க வேண்டும். சாவியைப் பிள்ளை கைக்கு எட்டாமல் மாட்டுங்கள். டோர்ச் மட்டும் இல்லை, பாட்டுப் பாடும் பொம்மை, மணிக்கூடு, சில ரிமோட் எல்லாவற்றிலும் இந்தப் பெற்றரி இருக்கிறது.

பிள்ளை விழுங்கினதாகச் சந்தேகம் வந்தால்கூடப் போதும், காத்திருக்க வேண்டாம். எச்சில் வடிதல், சாப்பாடு இறங்காமை, இருமல், நெஞ்சு நோ வரலாம். ஒன்றுமே தெரியாமலும் இருக்கலாம். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். சோறோ வாழைப்பழமோ கொடுத்து இறக்கப் பார்க்காதீர்கள். எக்ஸ்ரே எடுக்க வேண்டும், அது தோட்ட டிஸ்பென்சரியில் இல்லை. உடனே எக்ஸ்ரே வசதியுள்ள ஆஸ்பத்திரிக்குப் போங்கள். 1990க்கு அடித்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். அது வரத் தாமதமென்றால் தோட்ட வாகனத்தைக் கேளுங்கள். ராத்திரி என்றாலும் எங்களை எழுப்புங்கள். "பெற்றரி விழுங்கிவிட்டது" என்று முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள், அதே மாதிரிப் பெற்றரியோ டோர்ச்சோ இருந்தால் கையில் கொண்டுபோங்கள். ஒரு வயது தாண்டிய பிள்ளை, விழுங்கி 12 மணித்தியாலம் ஆகவில்லை, விழுங்கக்கூடியதாகவும் இருக்கிறது என்றால், போகிற வழியில் பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை இரண்டு தேக்கரண்டி தேன் கொடுக்கலாம், ஆறு தடவைக்கு மேல் வேண்டாம். புண்ணை அது கொஞ்சம் குறைக்கும் என்று வைத்தியர்கள் கண்டிருக்கிறார்கள். ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளைக்குத் தேன் கூடவே கூடாது. தேன் தேடி நேரம் போக்கவும் கூடாது.

பழைய பட்டன் பெற்றரியைக் கழற்றினவுடன் இரண்டு பக்கமும் டேப் ஒட்டி, மூடியுள்ள போத்தலில் போட்டு உயரத்தில் வையுங்கள். அடுப்பில் போட்டால் வெடிக்கும். கானில் போட்டால் இன்னொரு பிள்ளை எடுக்கும். அடுத்த கூட்டத்துக்கு வரும்போது அந்தப் போத்தலைக் கொண்டுவாருங்கள், சேர்த்து எடுத்து ஒப்படைக்கும் வேலையை நாங்கள் பார்க்கிறோம்.

பராமரிப்புப் பெரிய வேலை இல்லை. பழைய பெற்றரியையும் புதியதையும் கலந்து போடாதீர்கள். மாதம் ஒரு தடவை மூடியைத் திறந்து பாருங்கள். வெள்ளையாகப் பூத்திருந்தால் பெற்றரி ஒழுகுகிறது, மாற்றுங்கள். சார்ஜ் பண்ணுகிற டோர்ச்சைத் தலையணைக்குக் கீழே வைத்துச் சார்ஜ் போட வேண்டாம். உடம்பு உப்பியிருந்தால் அதைப் பாவிக்கவே வேண்டாம்.

குட்டி டோர்ச் எல்லாவற்றுக்கும் மருந்து என்றும் நாங்கள் சொல்லவில்லை. சிறுத்தை நடமாட்டம் இருக்கிற மலைப் பாதையில் ராத்திரி தனியாகப் போகக் கூடாது. நான்கு பேராகச் சத்தம் போட்டுப் பெரிய டோர்ச்சோடு போங்கள். பாதை லைட்டுக் கேட்பதையும் நாங்கள் நிறுத்தக் கூடாது. சங்கத்தின் மூலமாகக் கடிதம் எழுதுவோம், எழுதிக்கொண்டே இருப்போம். அதுவரைக்கும் ஒவ்வொருவர் கையிலும் ஒரு வெளிச்சம் இருக்கட்டும்.

இன்றைக்கு வீட்டுக்குப் போனவுடன் ஒரு காரியம் செய்யுங்கள். சாவிக் கொத்தை எடுத்து, அதில் தொங்குகிற டோர்ச்சின் மூடியைத் திருப்பிப் பாருங்கள். ஸ்குரு இல்லாத பட்டன் பெற்றரி என்றால் பிள்ளை கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். பக்கத்துக் காம்பராவிலும் சொல்லுங்கள்.