கொப்புளிப்பானும் தடுப்பூசியும்

ஒரு வீட்டுப் படலையில் வேப்பிலை செருகப்பட்டிருந்தால், அதன் பொருள் அயலவர்க்குச் சொல்லாமலே விளங்கும். உள்ளே ஒரு பிள்ளை கொப்புளிப்பான் கண்டு படுத்திருக்கிறது. "அம்மாள் வந்திருக்கிறா" என்று வீட்டார் தாழ்ந்த குரலிற் கூறுவர். தமிழகத்தார் சின்னம்மை என வழங்கும் இந்நோய் பத்துப் பன்னிரண்டு நாளில் மாறிவிடும் என்பதும், ஒருமுறை வந்தால் பெரும்பாலும் மறுமுறை வராது என்பதும், ஆதலாற் சிறு வயதிலேயே வந்து போவது நன்று என்பதும் முதியோர் கொள்கை. இக்கொள்கையில் உண்மை உண்டு. ஆனால் முழு உண்மை இல்லை.

இந்நோய்க்குத் தடுப்பூசி உண்டு என்று கேள்விப்பட்ட பெற்றோர் சிலர் ஓர் ஐயத்தை எழுப்புவர். "ஊசி போட்ட பிள்ளைக்கும் நோய் வந்துவிட்டதே, பின்னர் ஊசியாற் பயன் யாது?" என்பதே அவ்வையம். கேள்வி நியாயமானது. அதற்கு விடை காண்பதற்கு, நோயின் இயல்பையும் ஊசியின் வரலாற்றையும் சிறிது அறிதல் வேண்டும்.

கொப்புளிப்பானை உண்டாக்குவது ஒரு வைரசுக் கிருமி. அது இருமல், தும்மல் வழியாகவும், கொப்புளத்து நீர் வழியாகவும் பரவும். கிருமி உட்புகுந்து ஏறக்குறைய இரண்டு வாரங்களின் பின்னரே நோய் வெளிப்படும். கொப்புளம் தோன்றுவதற்கு ஓரிரு நாள் முன்னரே பிள்ளை பிறருக்கு நோயைக் கொடுக்கத் தொடங்கிவிடும். வேப்பிலை கட்டித் தனிமைப்படுத்தும் வழக்கம் நல்லதேயாயினும், அது காலந்தாழ்த்தி வரும் காவலாக அமைவது இக்காரணத்தினாலேயே. எதிர்ப்புச் சக்தி இல்லாத ஒருவர் நோயாளியுடன் ஒரே வீட்டில் வாழ்வாராயின், அவருக்கு நோய் தொற்றும் வாய்ப்பு நூற்றுக்குத் தொண்ணூறு வரை உண்டு.

பெரும்பாலான சிறுவர்க்கு நோய் இலேசாகவே வந்து போகும். எனினும் எல்லார்க்கும் அவ்வாறு அமைவதில்லை. புண்ணிற் சீழ் பிடித்தல், நியுமோனியா என்னும் சுவாசப்பை அழற்சி, மூளை அழற்சி ஆகியவை சிலரைத் தாக்கும். தடுப்பூசி வருவதற்கு முன், அமெரிக்க ஐக்கிய நாடுகளில் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 40 இலட்சம் பேர் இந்நோய்க்கு ஆளாயினர். பதினாயிரத்துக்கு மேற்பட்டோர் ஆஸ்பத்திரியிற் சேர்க்கப்பட்டனர். 100 முதல் 150 பேர் வரை மாண்டனர். நோயுற்றோருள் வளர்ந்தோர் நூற்றுக்கு ஐவரே. ஆயின் இறந்தோருள் அவர்கள் நூற்றுக்கு முப்பத்தைவர். வயது ஏற ஏற இந்நோயின் கொடுமையும் ஏறுகின்றது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இச்செய்தி இலங்கையர்க்குத் தனிப்பட்ட முக்கியத்துவம் உடையது. குளிர்நாடுகளிற் பெரும்பாலோர் பத்து வயதுக்குள் இந்நோயைக் கண்டுவிடுவர். இலங்கை போன்ற வெப்பநாடுகளிலோ பலர் அதனைக் காணாமலே வளர்ந்து, பரீட்சைக் காலத்திலோ, தொழிலிற் சேர்ந்த பின்னரோ, பெண்களாயின் கருவுற்றிருக்கும் காலத்திலோ அதற்கு ஆளாகின்றனர். கருவின் தொடக்க மாதங்களில் தாய்க்கு வரும் கொப்புளிப்பான் சிசுவின் உறுப்புக்களையும் பாதிக்கக்கூடும்.

தடுப்பூசியைக் கண்டவர் யப்பானியரான மிச்சியாக்கி தக்கஹாசி என்னும் வைத்திய அறிஞர். 1964ஆம் ஆண்டு, ஆராய்ச்சியின் பொருட்டு அவர் அமெரிக்காவிலே வாழ்ந்த காலத்தில், அவருடைய மூன்று வயது மகனைக் கொப்புளிப்பான் கடுமையாகத் தாக்கியது. உடல் முழுவதும் கொப்புளம், கொதிக்கும் காய்ச்சல், மூச்சுத் திணறல். மகன் பிழைத்துக்கொண்டான். வைரசு ஆராய்ச்சியே தொழிலாகக் கொண்ட தந்தைக்கு அந்த அனுபவம் ஒரு கடமையை உணர்த்தியது. ஒசாக்காவுக்குத் திரும்பிய அவர், ஒக்கா என்னும் குடும்பப் பெயருடைய ஒரு சிறுவனின் கொப்புளத்திலிருந்து கிருமியை எடுத்து, ஆய்வுகூடத்தில் உயிரணுக்களிடையே மீண்டும் மீண்டும் வளர்த்து, அதன் வலிமையை ஒடுக்கினார். 1974ஆம் ஆண்டில் அவரும் அவர்தம் துணைவரும் முதற் பெறுபேற்றை வெளியிட்டனர். ஓர் ஆஸ்பத்திரிச் சிறுவர் விடுதியில் ஒரு பிள்ளைக்கு நோய் கண்டவுடன், முன்னர் நோய் வராத ஏனைய பிள்ளைகளுக்கு ஊசி போடப்பட்டது. அவர்களிடையே நோய் பரவவில்லை. 1995ஆம் ஆண்டு அமெரிக்கா இத்தடுப்பூசிக்கு அனுமதி வழங்கி, சிறுவர்க்கு ஒருமுறை போடும்படி விதித்தது.

ஓராண்டு நிறைந்த பிள்ளைகள் நூற்றுவருக்கு ஊசி ஒருமுறை போடப்படின், தொண்ணூற்றுக்கு மேற்பட்டோரின் குருதியில் எதிர்ப்புப் பொருள் உண்டாகின்றது. ஆயின் குருதிச் சோதனை வேறு. வாழ்க்கைச் சோதனை வேறு. 2000ஆம் ஆண்டின் இறுதியில், அந்நாட்டின் நியூ ஹம்சயர் மாநிலத்துச் சிறுவர் பராமரிப்பு நிலையம் ஒன்றிற் கொப்புளிப்பான் பரவியது. அங்கே நோயை முதலிற் கொண்டுவந்த பிள்ளையே மூன்று ஆண்டுகளுக்கு முன் தடுப்பூசி பெற்ற பிள்ளை! ஆராய்ந்து பார்த்தபோது, அந்நிலையத்தில் நோயைத் தடுப்பதில் ஊசி பாதியளவுகூடப் பயன்படவில்லை எனத் தெரிந்தது. ஆனால் கடுமையான அல்லது நடுத்தரமான நோயைத் தடுப்பதில், அதே இடத்தில், அது நூற்றுக்கு எண்பத்தாறு பங்கு பயன்பட்டிருந்தது.

பெற்றோரின் ஐயத்துக்கு விடை இங்கேதான் இருக்கின்றது. நோயே வராமற் காத்தல் ஒன்று. வந்த நோய் பிள்ளையை வருத்தாமற் காத்தல் மற்றொன்று. பல ஆய்வுகளையும் ஒன்றுசேர்த்துப் பார்த்தால், ஒருமுறை போட்ட ஊசி முதலாவதில் நூற்றுக்கு எண்பது பங்கும், இரண்டாவதில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேலும் வெற்றி காண்கின்றது. ஊசி போடாத பிள்ளையின் உடலில் இருநூற்றைம்பது முதல் ஐந்நூறு கொப்புளங்கள் வரை தோன்றும். ஊசி போட்ட பின் நோய் வரும் பிள்ளையில் அவை பெரும்பாலும் ஐம்பதுக்குட்பட்டனவே. காய்ச்சலும் குறைவு. அத்தகைய பிள்ளை பிறருக்கு நோயைக் கொடுக்கும் அளவும் ஏறக்குறைய மூன்றிலொன்றாகக் குறைகின்றது. எனினும் அது பூச்சியமாகி விடுவதில்லை. ஆகவே அப்பிள்ளையையும் பாடசாலைக்கு அனுப்பலாகாது.

எஞ்சிய குறையை நிரப்புவது இரண்டாம் ஊசி. 2006ஆம் ஆண்டு முதல் அமெரிக்காவில் இரண்டு முறை போடும் முறை வந்தது. முதல் ஊசி பன்னிரண்டு முதற் பதினைந்து மாதத்திலும், இரண்டாவது நான்கு முதல் ஆறு வயதிலும் அங்கே போடப்படுகின்றன. இரண்டும் பெற்றோர்க்கு நோயே வராமற் காக்கும் ஆற்றல் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேலாகின்றது. ஓர் எளிய கணக்கினால் இதனை விளக்கலாம். ஊசி பெறாத நூறு பிள்ளைகளில் ஐம்பது பேருக்கு நோய் தொற்றுவதாகக் கொள்வோம். அதே நிலையில், ஒருமுறை ஊசி பெற்ற நூறு பேரிற் பதின்மருக்கும், இருமுறை பெற்ற நூறு பேரில் நால்வர் அல்லது ஐவருக்குமே நோய் வரும்.

காப்பு எத்தனை காலம் நிற்கும்? கலிபோர்னியாவில் 7,500க்கு மேற்பட்ட பிள்ளைகளைப் பதினான்கு ஆண்டு தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்று 2013ஆம் ஆண்டு வெளியாயிற்று. அவர்களிடையே ஊசியின் பயன் ஆண்டு செல்லச் செல்லத் தேய்ந்ததாகக் காணப்படவில்லை. இரண்டாம் ஊசி பெற்றவர் எவருக்கும் அக்காலத்தில் நோய் வரவுமில்லை.

கட்டிளம் பருவத்தினர்க்கு விதி சிறிது வேறு. பதின்மூன்று வயதுக்கு மேற்பட்டவரின் உடல் ஓர் ஊசிக்குச் சிறு பிள்ளையைப் போல் விரைந்து ஈடுகொடுப்பதில்லை. முதல் ஊசியின் பின் நூற்றுக்கு எழுபத்தெட்டுப் பேரிலேயே போதிய எதிர்ப்புச் சக்தி காணப்பட்டது. நான்கு முதல் எட்டு வாரத்தில் இரண்டாவது ஊசியும் போட்ட பின்னர் அது தொண்ணூற்றொன்பதாக உயர்ந்தது. ஆகவே இவ்வயதினர் ஓர் ஊசியுடன் நின்றுவிடுதல் பாதி ஆற்றில் தோணியை விட்டு இறங்குவதை ஒக்கும்.

இதிலே சமூகக் கடமையும் ஒன்று உண்டு. ஒரு நாட்டிற் சிறுவருட் பாதிப் பேருக்கு மட்டும் ஊசி போட்டால், நோயின் நடமாட்டம் குறையும். ஆனால் ஊசி பெறாதவர் நோயைச் சிறு வயதிற் சந்திக்காமல், அது கொடியதாகும் வயதிற் சந்திக்க நேரும். இதனாலேயே, சிறுவருள் நூற்றுக்கு எண்பதுக்குக் குறையாதோருக்கு இடையறாது ஊசி போட இயலும் நாடுகளே இதனைப் பொதுத் திட்டமாகக் கொள்ள எண்ணலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2014ஆம் ஆண்டு அறிவுறுத்தியது. அவ்வாறு பரவலாகப் போட்ட அமெரிக்காவில், முதல் இருபத்தைந்து ஆண்டுகளில் ஒன்பது கோடிக்கு மேற்பட்டோர் நோயிலிருந்தும், ஏறத்தாழ இரண்டாயிரம் பேர் மரணத்திலிருந்தும் காக்கப்பட்டனர் எனக் கணக்கிடப்பட்டுள்ளது.

ஊசி போட்ட இடத்தில் நோவும் சிவப்பும், சிலருக்கு இலேசான காய்ச்சலும், ஒரு சில கொப்புளங்களும் தோன்றலாம். ஒடுக்கப்பட்டதாயினும் இதிலிருப்பது உயிருள்ள கிருமி. எனவே கருவுற்ற தாய்மாருக்கும், எதிர்ப்புச் சக்தி மிகக் குன்றிய நோயாளருக்கும் இது போடப்படலாகாது. அத்தகையோரைக் காப்பது, அவர்களைச் சூழ வாழ்வோர் பெற்றுக்கொள்ளும் ஊசியே. நோயாளியுடன் பழக நேர்ந்த பின்னரும், மூன்று முதல் ஐந்து நாளுக்குள் ஊசி போட்டால் நோயைத் தடுக்கவோ தணிக்கவோ கூடும். கொப்புளிப்பான் கண்ட பிள்ளைக்கு அஸ்பிரின் கொடுத்தலாகாது என்பதையும் பெற்றோர் மறத்தலாகாது.

வீட்டிலே பதின்மூன்று, பதினான்கு வயது நிரம்பிய பிள்ளை இருக்குமாயின், தாய்தந்தையர் ஒருமுறை நினைவுகூர்தல் நன்று: அப்பிள்ளைக்குக் கொப்புளிப்பான் வந்ததுண்டா? ஊசி போட்டதுண்டா? போட்டதாயின் இரண்டும் நிறைவெய்தினவா? விடை ஐயமாயின் பிள்ளையின் சுகாதாரப் பதிவேட்டுடன் வைத்தியரை அணுகுதல் வேண்டும். படலையில் வேப்பிலை கட்டும் நாள் வரை காத்திருத்தல் வேண்டியதில்லை.