பால் காய்ச்சுவது ஒரு நாள், குடிபோவது இன்னொரு நாள்



சொந்தமாக வீடு வாங்கப்போகிறோம் என்று வாயைத் திறந்ததுமே சொந்தபந்தம் கேட்கிற முதல் கேள்வி, "கிரகப்பிரவேசம் எப்போ?" ஆனி, ஆடி ஆகாது, புரட்டாசி, மார்கழி ஆகாது என்று கழித்துக்கொண்டே வந்து, வைகாசியை விட்டால் ஆவணிதான் என்று ஜோசியர் சொல்லிவிடுவார். சரியென்று வைகாசியிலேயே ஒரு நாள் குறித்தாகிவிடும். அப்புறம் வங்கி, பத்திர எழுத்தர், பெயின்டர், பிளம்பர் என்று எல்லோரையும் அந்தத் தேதியைக் காட்டியே விரட்டிக்கொண்டிருப்போம். வீடு வாங்குகிறவர்களின் தூக்கம் கெடுவது பெரும்பாலும் இதனால்தான்.

பத்திரம் பதிவது, பால் காய்ச்சுவது, சட்டி பானையோடு குடிபோவது, இந்த மூன்றும் தனித்தனி வேலை. மூன்றையும் ஒரே வாரத்துக்குள் திணிக்காமல் இருந்தாலே பாதிப் பதற்றம் குறைந்துவிடும் என்பது என் கட்சி. நாள் நட்சத்திரம் பார்ப்பதை நான் குறை சொல்லவில்லை. நல்ல நாளில் பாலைக் காய்ச்சி, வந்தவர்களுக்கு இட்லி, பொங்கல் கொடுத்து அனுப்பிவிட்டு, கதவைப் பூட்டிக்கொண்டு வாடகை வீட்டுக்கே திரும்பிவிடலாம். எந்தச் சாமியும் கோபித்துக்கொள்ளாது.

பத்திரத்தில் மட்டும் அவசரமே கூடாது. வில்லங்க விவரத்தைப் பதிவுத்துறையின் இணையதளத்தில் கட்டணமில்லாமலே பார்க்கலாம். ஆனால் அதில் பதிவான ஆவணங்கள்தான் தெரியும். பதிவு செய்யாத உயிலும், வாய்ப்பேச்சில் நடந்த பாகப்பிரிவினையும் தெரியாது. விற்பவருக்கு அது அப்பா வழியில் வந்த வீடு என்றால், வாரிசுச் சான்றிதழில் இருக்கும் பெயர்களை ஒவ்வொன்றாகப் பாருங்கள். வெளியூரில் கட்டிக்கொடுத்த தங்கையின் கையெழுத்து வேண்டும் என்பது கடைசி வாரத்தில்தான் பலருக்குத் தெரியவருகிறது. அதேபோல, விற்பவர் அந்த வீட்டின் பேரில் வாங்கிய கடனை அடைத்திருப்பார், அடைத்ததற்கான ரசீது ஆவணத்தைப் பதிவு செய்யாமல் விட்டிருப்பார். வில்லங்கத்தில் அந்தக் கடன் அப்படியே நிற்கும். நமக்குக் கடன் கொடுக்கிற வங்கி அங்கேயே நிறுத்திவிடும். மூலப்பத்திரத்தில் தொடங்கி எல்லாவற்றையும் ஒரு வக்கீல் படித்து முடித்து எழுத்தில் கருத்துச் சொன்ன பிறகு முகூர்த்தம் குறித்தால், இந்தத் தலைவலி எதுவும் கடைசி நேர அவசரத்தில் வந்து சேராது.

அடுத்தது பணம். 50 லட்சம் ரூபாய்க்கு ஒரு பழைய வீட்டை வாங்குவதாக வைத்துக்கொள்வோம். ரிசர்வ் வங்கியின் விதிப்படி, 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான வீட்டுக்கடனில் வங்கி தருவது வீட்டின் மதிப்பில் 80 சதவீதம்தான். ஆக 40 லட்சம் கடன், 10 லட்சம் கைப்பணம். பெரும்பாலோர் கணக்கு இதோடு முடிந்துவிடுகிறது. தமிழ்நாட்டில் இப்படி ஒரு விற்பனைக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 50 லட்சத்துக்கே பதிவு செய்தால் அது மட்டும் நாலரை லட்சம். இதற்கு வழக்கமாக வங்கிக் கடன் கிடையாது. விலை 50 லட்சத்தைத் தொட்டாலே, விற்பவருக்குத் தரும் பணத்தில் ஒரு சதவீதத்தைப் பிடித்து வருமான வரியாகக் கட்டவேண்டிய பொறுப்பும் வாங்குகிறவருடையது. தரகர் கமிஷன், கதவு ஜன்னல் ரிப்பேர், ஃபேன், கிரில் எல்லாம் இதற்கு மேல். இந்தத் தொகையைத் தனியே எடுத்து வைக்காதவர்கள்தான் பதிவுக்கு முந்தின வாரம் நகையை எடுத்துக்கொண்டு அடகுக்கடைக்கு ஓடுகிறார்கள்.

கட்டிக்கொண்டிருக்கும் அடுக்குமாடியில் வாங்குகிறவர்களுக்கு 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டம் நல்ல துணை. விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்வதற்கு முன் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் முன்பணம் கேட்க பில்டருக்கு உரிமையில்லை. வீட்டை ஒப்படைத்து 5 வருடத்துக்குள் கட்டுமானக் குறை தெரிந்தால் அவர் செலவிலேயே சரிசெய்து தரவேண்டும்.

வீடு பார்க்கப் போகும்போது தெருமுனை டீக்கடையில் ஒரு டீ குடியுங்கள். சென்னையாக இருந்தால், 2015 டிசம்பரிலும் 2023 மிக்ஜாம் புயலிலும் இங்கே தண்ணீர் எதுவரை நின்றது என்று மாஸ்டரிடம் கேளுங்கள். அவருக்கு விற்கவேண்டிய கட்டாயம் இல்லை, கையாலேயே அளந்து காட்டிவிடுவார். வீட்டுக்குள் போனால் பாத்ரூம் தரையில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிப் பாருங்கள். தண்ணீர் வடிகாலுக்குப் போகாமல் மூலையில் தேங்கினால், தரைச் சரிவு சரியில்லை. குடிபோன பிறகு டைல்ஸைப் பெயர்ப்பதைவிட இப்போதே சொல்லி விலையில் குறைத்துக்கொள்ளலாம்.

இனி குடிபோவது. வாடகை வீட்டை ஒரு மாதம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். கடன் தவணையும் வாடகையும் சேர்ந்து கடிக்கத்தான் செய்யும். ஆனால் பெயின்ட் வாடையோடு, பிளம்பர் குறுக்கே நடக்க, திறக்காத அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே சமைப்பதைவிட அந்த ஒரு மாத வாடகை மலிவு. பள்ளிக்கூடம் மாறவேண்டிய பிள்ளைகள் இருந்தால் முழு ஆண்டுத் தேர்வு முடியட்டும். சாமான் ஏற்றும்போது ஒரு பை மட்டும் லாரியில் ஏறாமல் உங்கள் கையோடு வரட்டும். பாய், தலையணை உறை, பிரஷ், பெரியவர்களின் மாத்திரை, செல்போன் சார்ஜர், டீத்தூள், சர்க்கரை, வடிகட்டி, ஒரு ஸ்க்ரூ டிரைவர், இரண்டு பல்பு. வீட்டுப் பத்திரமும் நகையும் வேறு பையில், வீட்டு மனிதர் ஒருவரின் மடியில். ஃப்ரிட்ஜை நிமிர்த்தி வைத்துச் சில மணி நேரம் கழித்தே சுவிட்சைப் போடுங்கள்.

வயதான அம்மா அப்பா கூட இருந்தால் முதல் வாரம் அவர்களுடையது. இருபது வருடம் இடது பக்கம் திரும்பி பாத்ரூமுக்குப் போன கால், நடுராத்திரியில் இங்கேயும் இடது பக்கமே திரும்பும். அங்கே சுவர் இருக்கும், அல்லது படி இருக்கும். படுக்கையிலிருந்து பாத்ரூம் வரை நைட் லேம்ப் போடுங்கள். சாமான் அடுக்கும்போது அவர்கள் கட்டிலையும் மருந்து டப்பாவையும் முதலில் அதனதன் இடத்தில் வையுங்கள். மாடம், ஷோகேஸ் எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

சமையல் எரிவாயு இணைப்பை மட்டும் குடிபோவதற்கு முன்பே மாற்றிக்கொள்ளுங்கள், ஏஜென்சி மாறுமா என்று விசாரித்துக்கொண்டு. மின் இணைப்பு, சொத்து வரி, ரேஷன் கார்டு, ஆதார் ஆகியவற்றில் பெயரும் முகவரியும் மாற்றுவதற்கு, பதிவான பத்திரத்தின் நகலைக் கையில் வைத்துக்கொண்டு, அடுத்த இரண்டு மாதத்தில் ஒவ்வொன்றாகப் போய்வந்தால் போதும்.