வென்றவர் தோற்ற இடைத்தேர்தல்



ஒரு நாள் ஆறாம் ஆண்டு வகுப்பில் தேர்தலைப் பற்றிப் பாடம் நடத்திக் கொண்டிருந்தோம். "அதிக வாக்குப் பெற்றவரே வெற்றி பெற்றவர்" என்று கரும்பலகையில் எழுதிவிட்டுத் திரும்பினோம். பின்வரிசையில் ஒரு மாணவி எழுந்து, "அதிக வாக்கு வாங்கியும் தோற்றவர் உண்டா சார்?" என்று கேட்டாள். உண்டு. அந்தக் கதையை இன்று உங்களுக்கும் சொல்கிறோம்.

இங்கிலாந்தின் மேற்குப் பகுதியில் பிரிஸ்டல் என்றொரு துறைமுக நகரம் இருக்கிறது. அதன் தென்கிழக்குத் தொகுதியில் 1950-ஆம் ஆண்டு நவம்பரில் ஓர் இடைத்தேர்தல் நடந்தது. நிதியமைச்சராக இருந்த சர் ஸ்டாஃபோர்டு கிரிப்ஸ் உடல்நலம் குன்றி விலகியதால் வந்த தேர்தல் அது. 1942-இல் இந்தியத் தலைவர்களுடன் பேச டில்லிக்கு வந்தாரே, அதே கிரிப்ஸ்தான். அவருடைய இடத்திற்குத் தொழிற்கட்சி நிறுத்திய 25 வயது இளைஞர் அந்தோணி வெட்ஜ்வுட் பென் வெற்றி பெற்றார்.

பத்து ஆண்டுகள் கழிந்தன. 1960 நவம்பர் 17-ஆம் நாள் அவருடைய தந்தையார் காலமானார். 1942-இல் ஸ்டான்ஸ்கேட் பிரபு என்ற பட்டம் பெற்றவர் அவர். அது பரம்பரைப் பட்டம். மூத்த மகனைச் சேர வேண்டியது. ஆனால் மூத்தவர் 1944-இல் போரில் உயிரிழந்துவிட்டார். ஆகவே பட்டம் அந்தோணி பென் தலையில் வந்து விழுந்தது. அந்நாட்டின் அன்றைய சட்டப்படி அத்தகைய பிரபு மக்களவையில் அமர முடியாதிருந்தது. பட்டம் வேண்டாம் என்று உதறவும் அன்றைய சட்டத்தில் வழி இருக்கவில்லை.

அவருடைய இடம் காலியானது. 1961 மே 4-இல் மீண்டும் இடைத்தேர்தல். பென் துணிந்து போட்டியிட்டார். அவருக்கு அளிக்கும் வாக்கு வீணாகும் என்று எதிர்த்தரப்பினர் முன்கூட்டியே எச்சரித்தார்கள். மக்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? பென்னுக்கு 23,275 வாக்குகள். பழமைக் கட்சியின் மால்கம் செயின்ட் கிளேருக்கு 10,231 வாக்குகள். வித்தியாசம் 13,044.

வென்றவர் மக்களவைக்குச் சென்றார். வாசற்காவலர் உள்ளே விடவில்லை. வழக்கு தேர்தல் நீதிமன்றத்திற்குப் போயிற்று. பென்னுக்குத் தகுதி இல்லை என்று அறிந்தே மக்கள் வாக்களித்தார்கள். எனவே அவ்வாக்குகள் வீண் வாக்குகள் என்று ஜூலையில் இரு நீதிபதிகளும் தீர்ப்பளித்தார்கள். தோற்றவர் உறுப்பினரானார். வேடிக்கை என்னவென்றால், செயின்ட் கிளேரும் அப்போது ஒரு பிரபு பட்டத்தின் வாரிசாக இருந்தவரே!

நீதிபதிகளைக் குறை சொல்வதற்கில்லை. சட்டம் அப்படி இருந்தது. மாற வேண்டியது சட்டம்தான். பென் விடாமல் போராடினார். 1963 ஜூலை 31-இல், பரம்பரைப் பட்டத்தை உதற வழிவிடும் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அன்று மாலையே பென் தம் பட்டத்தைத் துறந்தார். சட்டம் மாறினால் விலகுவதாகச் சொல்லியிருந்த செயின்ட் கிளேரும் சொன்ன சொல் காத்தார். ஆகஸ்டு 20-இல் நடந்த இடைத்தேர்தலில் பென் மீண்டும் வென்றார். அதே ஆண்டு அக்டோபரில் பழமைக் கட்சியைச் சேர்ந்த ஹோம் பிரபு பிரதமரானபோது, அவரும் இதே சட்டத்தால்தான் பட்டத்தைத் துறந்து மக்களவைக்கு வர முடிந்தது. ஒருவர் வெட்டிய வாய்க்காலில் எதிர்க்கட்சிக்காரரும் நீர் பாய்ச்சிக் கொண்டார்!

பெற்றோர்களே, ஒன்றை எண்ணிப் பாருங்கள். பிறப்பு மனிதனைத் தாழ்த்திக் கட்டிப் போடுவதை நாம் அறிவோம். உயர்த்திக் கட்டிப் போட்டாலும் கட்டு கட்டுதான். 'அப்பன் பெயரைச் சொல்லி எனக்கு எதுவும் வேண்டாம். மக்கள் தேர்ந்தெடுத்தால் போதும்' என்றார் ஒருவர். அவரோடு 23,275 பேர் நின்றார்கள். வீண் என்று நீதிமன்றம் சொன்ன அந்த வாக்குகள்தாம் இரண்டே ஆண்டுகளில் பழைய சட்டத்தை அசைக்க உதவின.

அந்த மாணவியிடம் நாம் சொன்னதும் இதுதான்: "தோற்றது போல் தெரிந்த வாக்கும் வேலை செய்யும், அம்மா." கரும்பலகையில் எழுதிய வாக்கியத்தை அன்று நாம் அழிக்கவில்லை. அதன் கீழே, "சட்டம் தடுத்தால், சட்டத்தை மாற்றலாம்" என்று மற்றொரு வரியைச் சேர்த்தோம்.